பல்தளச் செயலிச் சட்டகங்கள்

பல்தளச் செயலிச் சட்டகம் என்பது, ஒரு முறை எழுதப்படும் நிரலைக் கொண்டு ஒன்றுக்கு மேற்பட்ட இயங்குதளங்களில் இயங்கும் செயலிகளை உருவாக்க உதவும் மென்பொருள் தொகுப்பு ஆகும். தொழிற்துறையில் இது கிராஸ் பிளாட்ஃபார்ம் ஃபிரேம்வொர்க் என்று வழங்கப்படுகிறது. பிளட்டர், ரியாக்ட் நேட்டிவ், டாட் நெட் மாவி, கோட்லின் மல்ட்டிபிளாட்ஃபார்ம், ஐயானிக், கியூட், எலக்ட்ரான் ஆகியன இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை.

இவை அனைத்தின் நோக்கமும் ஒன்றே எனினும், அந்நோக்கத்தை அடையும் வழிகள் வேறுபடுகின்றன. ஒரு சட்டகத்தைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு கேள்விகள் முதன்மையானவை. முதலாவது, பயனர் காணும் திரையை வரைவது எது என்பது. செயலியின் வேகம், தோற்றம், அளவு ஆகியவற்றை இதுவே பெரிதும் தீர்மானிக்கிறது. இரண்டாவது, சட்டகத்தைப் பேணுவது யார் என்பது. செயலி எத்தனை ஆண்டுகள் வாழும் என்பது இதைப் பொறுத்தது.

தேவை

ஒவ்வோர் இயங்குதளமும் தனக்கென நிரல்மொழியையும், நிரலகங்களையும், உருவாக்கக் கருவிகளையும் கொண்டுள்ளது. ஆண்ட்ராய்டுக்கான செயலிகள் ஜாவா அல்லது கோட்லின் மொழியிலும், ஆப்பிளின் ஐஓஎஸ் தளத்துக்கான செயலிகள் ஆப்ஜெக்டிவ் சி அல்லது சுவிப்ட் மொழியிலும் எழுதப்படுகின்றன. அவ்வத் தளத்தின் கருவிகளைக் கொண்டே எழுதப்படும் செயலி நேட்டிவ் செயலி எனப்படும். இக்கட்டுரையில் அது தனித்தளச் செயலி என்று குறிக்கப்படுகிறது.

இரண்டு தளங்களிலும் ஒரு செயலியை வெளியிட விரும்பும் நிறுவனம் ஒரே வேலையை இருமுறை செய்ய வேண்டியுள்ளது. கணக்கிடும் விதிகள், பிழை திருத்தங்கள், புதிய வசதிகள் ஆகிய அனைத்தும் இரு மொழிகளில் எழுதப்பட்டு, இருமுறை சோதிக்கப்பட வேண்டும். ஒரு தளத்தில் திருத்தப்பட்ட பிழை மற்றதில் நீடிப்பதும் உண்டு. பெரிய நிறுவனங்கள் இச்செலவைத் தாங்கக்கூடும். இரண்டு மூன்று நிரலாளர்களை மட்டும் கொண்ட குழுக்களுக்கு இது கடினம். இந்த இரட்டை உழைப்பைக் குறைப்பதே பல்தளச் சட்டகங்களின் பயன் ஆகும்.

எனினும் இவற்றைப் பயன்படுத்துவதால் செலவு சரிபாதியாகக் குறைவதில்லை. இரு தளங்களிலும் சோதனை செய்தல், இரு செயலிக் கடைகளின் விதிகளைப் பின்பற்றுதல், படக்கருவி, இருப்பிடம், அறிவிப்புகள் போன்றவற்றில் தளங்களுக்கிடையே உள்ள வேறுபாடுகளைக் கையாளுதல் ஆகிய பணிகள் எஞ்சியே இருக்கும். எச்சட்டகத்தைத் தேர்ந்தாலும், ஐஓஎஸ் செயலியை உருவாக்கி ஒப்பமிடுவதற்கு ஆப்பிளின் மேக்ஓஎஸ் இயங்குதளத்தில் மட்டும் இயங்கும் எக்ஸ்கோட் மென்பொருள் தேவைப்படுகிறது. மேக் கணினி இல்லாதோர் அதை வாடகைக்கு அளிக்கும் இணையச் சேவைகளை நாடுகின்றனர்.

வரலாறு

கணினிக் காலம்

பல்தளச் செயலிகள் பற்றிய சிக்கல் திறன்பேசிகளுக்கு முற்பட்டது. 1991 இல் நார்வே நாட்டில் ஹாவர்ட் நோர்ட், ஐரிக் சாம்பே எங் ஆகிய இருவரால் தொடங்கப்பட்ட கியூட் நிரலகம், 1995 இல் முதன்முறையாகப் பொதுவில் வெளியிடப்பட்டது. சி++ மொழியில் எழுதப்படும் ஒரே நிரலை யுனிக்சு, விண்டோசு ஆகிய இரு தளங்களிலும் இயக்க இது வழிசெய்தது.

அதே 1995 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஜாவா மொழியை வெளியிட்டது. ஒரு முறை எழுதி எங்கும் இயக்கலாம் என்பதே அதன் விளம்பர வாசகமாக இருந்தது. இன்று திறன்பேசிச் சட்டகங்கள் எதிர்கொள்ளும் அடிப்படைக் கேள்வியை ஜாவா அப்போதே எதிர்கொண்டது. அதன் முதல் இடைமுக நிரலகமான ஏடபிள்யூடி, பொத்தான், பட்டியல் போன்றவற்றை வரையுமாறு அந்தந்த இயங்குதளத்திடமே கேட்டது. இதனால் செயலி தளத்துக்கு இயைந்த தோற்றம் பெற்றது. ஆனால் எல்லாத் தளங்களுக்கும் பொதுவான உறுப்புகளை மட்டுமே அதனால் வழங்க முடிந்தது. நடத்தையும் தளத்துக்குத் தளம் மாறுபட்டது. 1998 இல் ஜாவா 1.2 உடன் சேர்க்கப்பட்ட சுவிங் நிரலகம் எல்லா உறுப்புகளையும் தானே வரைந்தது. இது எங்கும் ஒரே சீராக இயங்கினாலும் எந்தத் தளத்துக்கும் உரியதாகத் தோன்றவில்லை என்ற குறை கூறப்பட்டது. பின்னர் எக்லிப்சு மென்பொருளுக்காக ஐபிஎம் உருவாக்கிய எஸ்டபிள்யூடி மீண்டும் தளத்தின் உறுப்புகளையே பயன்படுத்தியது. இவ்விரு அணுகுமுறைகளுக்கும் இடையிலான இழுபறி இன்றளவும் தொடர்கிறது.

திறன்பேசிக் காலம்

2007 இல் ஐபோன் வெளிவந்தது. 2008 சூலையில் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறக்கப்பட்டது. அவ்வாண்டின் அக்டோபரில் முதல் ஆண்ட்ராய்டு பேசி விற்பனைக்கு வந்தது. சிம்பியன், பிளாக்பெரி, 2010 இல் இணைந்த விண்டோசு போன் ஆகியவையும் புழக்கத்தில் இருந்தமையால், அனைவரையும் சென்றடைய விரும்பிய நிறுவனம் நான்கைந்து தளங்களுக்குத் தனித்தனியே நிரல் எழுத வேண்டியிருந்தது.

இச்சூழலில் 2008 இல் நிட்டோபி நிறுவனத்தின் நிரலாளர்கள் போன்கேப் சட்டகத்தை உருவாக்கினர். வலைப்பக்கங்களை எழுதத் தெரிந்தோர் அனைவரும் செயலி எழுத இது வழிவகுத்தது. சி♯ மொழியில் ஐபோன் செயலிகளை எழுத உதவும் மோனோடச் 2009 இல் வெளிவந்தது. அதன் நிரலாளர்கள் 2011 இல் சமாரின் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். பேஸ்புக் நிறுவனம் 2015 இல் ரியாக்ட் நேட்டிவ் சட்டகத்தைத் திறந்த மூலமாக வெளியிட்டது. கூகிளின் பிளட்டர் 1.0 பதிப்பு 2018 திசம்பரில் வெளிவந்தது. ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் கோட்லின் மல்ட்டிபிளாட்ஃபார்ம் 2023 நவம்பரில் நிலையான பதிப்பு என அறிவிக்கப்பட்டது.

இதற்கிடையே தளங்களின் எண்ணிக்கை குறைந்தது. விண்டோசின் திறன்பேசிப் பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரியிலும், பழைய பிளாக்பெரி பேசிகளுக்கான சேவைகள் 2022 சனவரியிலும் நிறுத்தப்பட்டன. இதனால் பெரும்பாலான சட்டகங்களுக்கு ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஆகிய இரண்டே முதன்மை இலக்குகளாயின. எனினும் இந்நிலை எங்கும் ஒன்றுபோல் இல்லை. சீனாவின் குவாவே நிறுவனம் 2024 அக்டோபரில், ஆண்ட்ராய்டுச் செயலிகளை இயக்காத ஆர்மனிஓஎஸ் நெக்ஸ்ட் இயங்குதளத்தை வெளியிட்டது. இதனால் அந்நாட்டில் மூன்றாவது தளம் ஒன்றுக்கும் செயலி எழுதும் தேவை ஏற்பட்டது.

செயற்படும் முறைகள்

பல்தளச் சட்டகங்களை அவற்றின் திரை எவ்வாறு வரையப்படுகிறது என்பதன் அடிப்படையில் நான்கு வகைகளாகப் பிரிக்கலாம்.

வலைப்பக்கத்தை உறையிடுதல்

இவ்வகையில் செயலியின் திரை உண்மையில் ஒரு வலைப்பக்கமே. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றால் எழுதப்பட்ட பக்கம், முகவரிப் பட்டை இல்லாத ஓர் உலாவிக்குள் காட்டப்படுகிறது. படக்கருவி, தொடர்புப் பட்டியல் போன்ற வலைப்பக்கத்துக்கு எட்டாத வசதிகளைச் செருகுநிரல்கள் வழங்குகின்றன. போன்கேப், அதன் திறந்த மூல வடிவமான அப்பாச்சி கார்டோவா, ஐயானிக் குழுவின் கெப்பாசிட்டர் ஆகியன இவ்வகையின. கணினியில் எலக்ட்ரான் இம்முறையைப் பின்பற்றுகிறது. கிட்ஹப் நிறுவனத்தின் ஆட்டம் உரைத்தொகுப்பிக்காக 2013 இல் தொடங்கப்பட்ட இச்சட்டகம், பின்னர் விசுவல் ஸ்டுடியோ கோட், ஸ்லாக், டிஸ்கார்டு ஆகியவற்றின் அடித்தளமாகியது.

ஏற்கனவே உள்ள வலைத்தள நிரலையும் வலை நிரலாளர்களின் அறிவையும் அப்படியே பயன்படுத்த முடிவது இம்முறையின் சிறப்பு. எலக்ட்ரான் செயலி ஒவ்வொன்றும் குரோமியம் உலாவி முழுவதையும் தன்னுடன் சுமந்து செல்வதால் அதிக வட்டிடமும் நினைவகமும் கொள்வது இதன் குறை. 2022 இல் 1.0 பதிப்பாக வெளிவந்த டௌரி, இயங்குதளத்தில் ஏற்கனவே உள்ள உலாவிப் பொறியையே பயன்படுத்தி இவ்வளவைக் குறைக்கிறது. ஆனால் அப்பொறி தளத்துக்குத் தளம் வேறுபடுவதால், ஒவ்வொன்றிலும் பக்கத்தைச் சோதிக்க வேண்டியதாகிறது.

தளத்தின் உறுப்புகளை இயக்குதல்

இவ்வகையில் செயலியின் தருக்கம் ஒரு பொது மொழியில் எழுதப்படுகிறது. திரையில் தோன்றும் பொத்தான், உரைப்பெட்டி முதலியன தளத்துக்கே உரியவையாக இருக்கின்றன. ரியாக்ட் நேட்டிவில் நிரலாளர் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பொத்தானை விவரித்தால், ஐபோனில் ஐஓஎஸ் பொத்தானும் ஆண்ட்ராய்டில் ஆண்ட்ராய்டுப் பொத்தானும் உருவாக்கப்படும். சமாரின் ஃபார்ம்சும், அதன் வழித்தோன்றலாக 2022 மே மாதம் வெளிவந்த டாட் நெட் மாவியும் சி♯ மொழியைக் கொண்டு இதனைச் செய்கின்றன.

இரு உலகங்களுக்கும் இடையே செய்திகள் ஓயாது சென்றுவர வேண்டியிருப்பது இம்முறையின் சிக்கல் ஆகும். ரியாக்ட் நேட்டிவின் தொடக்க வடிவத்தில் இச்செய்திகள் பாலம் எனப்பட்ட வழியே உரை வடிவில் கட்டி அனுப்பப்பட்டன. நீண்ட பட்டியலை வேகமாக உருட்டும்போதும், விரலைப் பின்தொடரும் அசைவூட்டங்களின்போதும் இதனால் தாமதம் நேர்ந்தது. இப்பாலத்தை நீக்கி, ஜாவாஸ்கிரிப்ட் நேரடியாகத் தளத்தின் நிரலை அழைக்கும் புதிய கட்டமைப்பு, 2024 அக்டோபரில் வெளிவந்த 0.76 பதிப்பிலிருந்து இயல்பிருப்பாக உள்ளது.

தானே வரைதல்

இவ்வகைச் சட்டகம் தளத்திடமிருந்து ஒரு வெற்றுத் திரையை மட்டும் பெற்றுக்கொண்டு, எல்லாவற்றையும் தானே வரைகிறது. பிளட்டர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. டார்ட் மொழியில் எழுதப்படும் பிளட்டர் செயலி தொடக்கத்தில் ஸ்கியா என்னும் வரைகலைப் பொறியைப் பயன்படுத்தியது. முதன்முறை தோன்றும் அசைவூட்டங்களில் ஏற்பட்ட தடுமாற்றத்தைப் போக்குவதற்காக இம்பெல்லர் என்னும் புதிய பொறி உருவாக்கப்பட்டு, 2023 இல் ஐஓஎஸ் தளத்தில் இயல்பிருப்பாக்கப்பட்டது. கியூட், ஜெட்பிரெயின்சின் கம்போஸ் மல்ட்டிபிளாட்ஃபார்ம், யூனிட்டி போன்ற விளையாட்டுப் பொறிகள் ஆகியனவும் தாமே வரைபவை.

எல்லாத் தளங்களிலும் ஒரே தோற்றம் கிடைப்பதும், செய்திப் போக்குவரத்துத் தடை இல்லாததும் இதன் நன்மைகள். தளத்தின் தோற்றம் மாறும்போது செயலி தானாக மாறாதிருப்பது இதன் குறை. 2025 இல் ஆப்பிள் ஐஓஎஸ் 26 உடன் லிக்விட் கிளாஸ் என்னும் புதிய தோற்றத்தை வெளியிட்டது. தளத்தின் உறுப்புகளைப் பயன்படுத்தும் செயலிகள், புதிய கருவிகளைக் கொண்டு மீண்டும் தொகுக்கப்பட்டதும் அத்தோற்றத்தின் பெரும்பகுதியைப் பெற்றன. தானே வரையும் சட்டகங்களில் அதை யாரேனும் ஒருவர் புதிதாக வரைந்து தர வேண்டும்.

தருக்கத்தை மட்டும் பகிர்தல்

கோட்லின் மல்ட்டிபிளாட்ஃபார்ம் வேறொரு வழியை முன்வைக்கிறது. கணக்கீடு, வலையமைப்புத் தொடர்பு, தரவுச் சேமிப்பு போன்ற கண்ணுக்குத் தெரியாத பகுதிகள் ஒரு முறை எழுதப்படுகின்றன. திரை ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியே எழுதப்படுகிறது. ஏற்கனவே இயங்கிவரும் தனித்தளச் செயலியில் சிறிது சிறிதாக இதைச் சேர்க்க இயலும். விரும்புவோர் கம்போஸ் மல்ட்டிபிளாட்ஃபார்மைக் கொண்டு திரையையும் பகிரலாம். அதன் ஐஓஎஸ் ஆதரவு 2025 மே மாதம் நிலையானதாக அறிவிக்கப்பட்டது.

தேர்வுக்கான அளவுகோல்கள்

வேகம்

திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும்போது, ஒவ்வொரு சட்டத்தையும் வரையச் செயலிக்கு ஏறத்தாழ 16.7 மில்லிநொடி கிடைக்கிறது. 120 முறை புதுப்பிக்கப்படும் திரைகளில் இது 8.3 மில்லிநொடியாகக் குறைகிறது. இக்கால எல்லையைத் தவறவிட்டால் பயனர் தடுமாற்றத்தை உணர்வார். படிவங்களையும் பட்டியல்களையும் காட்டும் பெரும்பாலான செயலிகளில் எந்தச் சட்டகமும் இவ்வெல்லைக்குள் இயங்கும். எனவே வேகம் பற்றிய பொது ஒப்பீடுகளைவிட, விலை குறைந்த ஆண்ட்ராய்டு பேசி ஒன்றில் உரிய செயலியின் மிகக் கடினமான திரையை மாதிரியாக எழுதிப் பார்ப்பது பயனுள்ளது.

சி♯, டார்ட் போன்ற மொழிகள் இயங்கும்போதே இயந்திர மொழிக்கு மாற்றப்படக்கூடியவை. ஆனால் ஐஓஎஸ் தளம் இயங்கும்போது புதிய இயந்திர நிரலை உருவாக்கும் உரிமையைப் பொதுவாகச் செயலிகளுக்கு வழங்குவதில்லை. இதனால் சமாரின், பிளட்டர் ஆகியன வெளியீட்டுக்கு முன்னரே முழு நிரலையும் இயந்திர மொழிக்கு மாற்றிவிடுகின்றன. உருவாக்கும் கட்டத்தில் மட்டும் பிளட்டர் மற்ற முறையைப் பயன்படுத்துகிறது. அதனால் நிரலில் செய்த மாற்றத்தை நிரலாளர் செயலியை மீண்டும் தொடங்காமலே உடனுக்குடன் காண முடிகிறது.

எழுத்து, மொழி ஆதரவு

தமிழ் போன்ற மொழிகளில் ஓர் எழுத்தைத் திரையில் காட்டுவது குறியீடுகளை வரிசையாக வரைவது மட்டுமன்று. எடுத்துக்காட்டாக, 'கொ' என்னும் எழுத்து ஒருங்குறியில் ககர மெய்யுடன் அகரம் சேர்ந்த வடிவத்தையும், அதன் பின் வரும் ஒகரக் குறியையும் கொண்டு சேமிக்கப்படுகிறது. திரையிலோ கொம்பு முன்னும், ககரம் இடையிலும், கால் இறுதியிலும் வர வேண்டும். இவ்வடிவமைப்பைச் செய்யும் நிரலகம் இல்லாத சட்டகத்தில் கொம்பு இடம் மாறி, சொற்கள் சிதைந்து தோன்றும்.

தளத்தின் உரை உறுப்புகளைப் பயன்படுத்தும் சட்டகங்களில் இப்பொறுப்பைத் தளமே ஏற்கிறது. உறையிடும் சட்டகங்களில் உலாவி ஏற்கிறது. தானே வரையும் சட்டகம் இதைத் தானே செய்தாக வேண்டும். பிளட்டர் இதற்கென, ஆண்ட்ராய்டும் குரோமும் பயன்படுத்தும் ஹார்ஃப்பஸ் என்னும் திறந்த மூல நிரலகத்தையே பயன்படுத்துகிறது. எனவே அதில் தமிழ் முறையாகத் தோன்றுகிறது. எல்லா விளையாட்டுப் பொறிகளும் இத்தகைய வசதியை முழுமையாகக் கொண்டிருப்பதில்லை. தமிழில் செயலி எழுதுவோர் சட்டகத்தை முடிவு செய்யும் முன் இதனைச் சோதிப்பது இன்றியமையாதது. ஆங்கிலத்தில் சிறிய பொத்தானுக்குள் அடங்கும் சொல்லின் தமிழ் வடிவம் நீண்டு வெளியே வழிவதும் உண்டு. ஆகவே இடைமுகத்தின் அகலம் சொல்லுக்கேற்ப விரியுமாறு அமைக்கப்பட வேண்டும்.

அணுகுதன்மை

பார்வையற்றோர் திறன்பேசியைப் பயன்படுத்த உதவும் ஐஓஎஸ் தளத்தின் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டின் டாக்பேக் ஆகிய திரைபடிப்பிகள், திரையில் உள்ளவை பற்றிய தகவலைத் தளத்திடமிருந்து பெறுகின்றன. தளத்தின் உறுப்புகளைக் கொண்ட செயலியில் இத்தகவலின் பெரும்பகுதி தானாகவே கிடைக்கும். தானே வரையும் சட்டகத்தில் திரை வெறும் ஓவியம் ஆதலால், ஒவ்வோர் உறுப்பும் என்ன என்பதைச் சட்டகம் தனியே அறிவிக்க வேண்டும். பிளட்டர் தன் இயல்பான உறுப்புகளுக்கு இதனைச் செய்கிறது. நிரலாளர் தாமே வரையும் புதிய உறுப்புகளுக்கு அவரே விளக்கம் எழுதுதல் வேண்டும்.

வலையில் வெளியிடல்

ஒரே நிரலை வலைத்தளமாகவும் வெளியிட முடியும் என்பது சில சட்டகங்களின் சிறப்பாகக் கூறப்படுகிறது. பிளட்டர் 2021 முதல் வலையை நிலையான இலக்காகக் கொண்டுள்ளது. ஆனால் அது எழுத்துக்களையும் ஓவியமாகவே வரைவதால், கட்டுரைகளையும் செய்திகளையும் வெளியிடும் தளங்களுக்குப் பொருத்தமற்றது. அத்தகைய தளங்களுக்குச் சாதாரண வலைப்பக்கமே ஏற்றது. இணைப்பு இல்லாதபோதும் இயங்கி, முகப்புத் திரையில் இடம்பெறக்கூடிய வலைப்பக்கங்கள் முற்போக்கு வலைச் செயலிகள் எனப்படுகின்றன. இவை செயலிக் கடைகளின் துணையின்றியே பயனரைச் சென்றடைகின்றன. ஐபோனில் இவற்றுக்கு அறிவிப்பு அனுப்பும் வசதி 2023 மார்ச்சில் ஐஓஎஸ் 16.4 உடன் கிடைத்தது.

தள உரிமையாளரின் விதிகள்

பல்தளச் சட்டகம் எதுவாயினும் அது பிறர் தளத்தின் மீது இயங்குகிறது. தள உரிமையாளர் விதியை மாற்றினால் சட்டகமும் மாற வேண்டும். 2010 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஒப்பந்தத்தைத் திருத்தி, ஐபோன் செயலிகள் ஆப்ஜெக்டிவ் சி, சி, சி++ ஆகிய மொழிகளிலோ, தளத்தின் உலாவிப் பொறி இயக்கும் ஜாவாஸ்கிரிப்டிலோதான் முதலிலிருந்தே எழுதப்பட வேண்டும் என்று விதித்தது. அடோபி நிறுவனம் பிளாஷ் நிரல்களை ஐபோன் செயலிகளாக மாற்றும் கருவியை வெளியிடவிருந்த வேளையில் இவ்விதி வந்தது. மோனோடச் போன்றவற்றின் எதிர்காலமும் இதனால் ஐயத்துக்குள்ளானது. அவ்வாண்டு செப்டம்பரில் ஆப்பிள் இதனைத் தளர்த்தியது.

இத்தகைய பெரிய மாற்றங்கள் அரிதாகவே நிகழ்கின்றன எனினும், சிறிய மாற்றங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. 2019 ஆகத்து முதல் கூகிள் பிளே 64 பிட் நிரலைக் கட்டாயமாக்கியது. 2020 ஏப்ரல் முதல் ஆப்பிள், பழைய உலாவி உறுப்பைப் பயன்படுத்தும் புதிய செயலிகளை ஏற்க மறுத்தது. கார்டோவா செயலிகள் பல இதனால் மாற்றியமைக்கப்பட வேண்டியதாயின. அண்மைய ஆண்ட்ராய்டுப் பதிப்பை இலக்காகக் கொள்ளுமாறு கூகிள் பிளே ஆண்டுதோறும் கோருகிறது. வெறும் வலைத்தளத்தை உறையிட்டு அனுப்பும் செயலிகளை ஆப்பிளின் பரிசீலனை விதிகள் ஏற்பதில்லை. இம்மாற்றங்களுக்கு ஈடுகொடுத்துச் சட்டகத்தை ஒருவர் தொடர்ந்து பேணிவந்தால் மட்டுமே, அதைக் கொண்டு எழுதப்பட்ட செயலி கடையில் நீடிக்க முடியும்.

சட்டகங்களின் ஆயுளும் உரிமையும்

ஒரு செயலியின் ஆயுள் அதன் சட்டகத்தின் ஆயுளைவிட நீண்டதாக அமைவது அரிதன்று. போன்கேப்பை உருவாக்கிய நிட்டோபி நிறுவனத்தை அடோபி 2011 இல் கையகப்படுத்தியது. அப்போது அதன் நிரல் அப்பாச்சி அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டு, கார்டோவா என்று பெயர் பெற்றது. 2020 இல் அடோபி போன்கேப்பைக் கைவிட்டபோதிலும், கார்டோவா தன்னார்வலர்களால் தொடர்ந்து பேணப்பட்டது. அப்செலரேட்டர் நிறுவனத்தின் டைட்டானியம், 2016 இல் ஆக்ஸ்வே நிறுவனத்தின் வசமானது. 2022 இல் அந்நிறுவனம் ஆதரவை நிறுத்தியபின் ஆர்வலர் குழுவொன்று அதனை ஏற்றுக்கொண்டது. சமாரின் நிறுவனத்தை 2016 இல் வாங்கிய மைக்ரோசாப்ட், 2024 மே 1 உடன் சமாரினுக்கான ஆதரவை முடித்துக்கொண்டது. அதில் எழுதப்பட்ட செயலிகளை டாட் நெட் மாவிக்கு மாற்றும் பணி, செயலியின் அளவைப் பொறுத்து மாதக்கணக்கில் நீளக்கூடியது.

இம்மூன்றிலும் நிரல் திறந்த மூலமாக இருந்தமையால் அது முற்றாக மறையவில்லை. எனினும் திறந்த மூல உரிமம் நிரலைப் பயன்படுத்தும் உரிமையைத் தருகிறதேயன்றி, அதைப் பேணும் ஆட்களைத் தருவதில்லை. மூடிய உரிமம் கொண்ட கருவிகளில் வேறொரு இடர் உள்ளது. 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனம், தன் பொறியில் உருவான விளையாட்டுக்கள் நிறுவப்படும் எண்ணிக்கையைப் பொறுத்துக் கட்டணம் பெறப்போவதாக அறிவித்தது. பல ஆண்டு உழைப்பில் உருவான விளையாட்டுக்களின் வரவுசெலவுக் கணக்கையே இது மாற்றக்கூடியதாக இருந்ததால் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஓராண்டுக்குப் பின், 2024 செப்டம்பரில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இவ்விடருக்கு முன்கூட்டியே பாதுகாப்புத் தேடிய நிகழ்வாகக் கியூட்டின் வரலாறு கருதப்படுகிறது. லினக்சுக்கான கேடிஈ பணிமேடை 1996 முதல் கியூட்டின் மீது கட்டப்பட்டது. அப்போது கியூட் முழுமையான கட்டற்ற மென்பொருளாக இல்லை. இதனை ஏற்காதோர் 1997 இல் க்னோம் பணிமேடையைத் தொடங்கினர். 1998 இல் கேடிஈ திட்டமும் கியூட்டின் உரிமையாளரான டிரால்டெக் நிறுவனமும் இணைந்து ஓர் அறக்கட்டளையை நிறுவின. கியூட்டின் கட்டற்ற பதிப்பு வெளியிடப்படாது நின்றுபோனால், அதனைத் தளர்வான உரிமம் ஒன்றின் கீழ் வெளியிடும் அதிகாரம் அவ்வறக்கட்டளைக்கு வழங்கப்பட்டது. பின்னர் கியூட் 2008 இல் நோக்கியாவிடமும், 2012 இல் டிஜியாவிடமும், அதன்பின் 2014 இல் தொடங்கப்பட்ட கியூட் நிறுவனத்திடமும் கைமாறியது. உரிமையாளர் மாறியபோதும் அவ்வொப்பந்தம் நீடித்தது.

ரியாக்டும் ரியாக்ட் நேட்டிவும் மெட்டா நிறுவனத்திடமிருந்து, லினக்சு அறக்கட்டளையின் கீழ் அமையும் தனி அறக்கட்டளை ஒன்றுக்கு மாற்றப்படும் என்று 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருப்பதிலிருந்து விலகும் போக்காக இதனைக் கொள்ளலாம்.

கைவிட்ட நிறுவனங்களின் பட்டறிவு

பல்தள அணுகுமுறையைப் பயன்படுத்திப் பின் கைவிட்ட நிறுவனங்கள் அதற்கான காரணங்களைப் பொதுவில் விளக்கியுள்ளன.

பேஸ்புக்: இதன் தொடக்ககாலத் திறன்பேசிச் செயலிகள் பெரிதும் வலைப்பக்கங்களைச் சார்ந்திருந்தன. அவை மெதுவாக இயங்கியமையால், ஐபோன் செயலி 2012 ஆகத்தில் தனித்தளச் செயலியாக மீண்டும் எழுதப்பட்டது. வலைத் தொழில்நுட்பத்தை அளவுக்கு மீறி நம்பியது நிறுவனத்தின் பெரும் தவறு என்று மார்க் சக்கர்பெர்க் அடுத்த மாதம் குறிப்பிட்டார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் இந்நிறுவனமே ரியாக்ட் நேட்டிவை வெளியிட்டது.

ஏர்பிஎன்பி: 2016 இல் ரியாக்ட் நேட்டிவைப் பயன்படுத்தத் தொடங்கி, 2018 சூனில் அதிலிருந்து விலகுவதாக அறிவித்தது. ஏற்கனவே இருந்த பெரிய தனித்தளச் செயலிகளுக்குள் இது சேர்க்கப்பட்டதால், இரண்டு தளங்களுக்கு மாறாக மூன்று தளங்களைப் பேண வேண்டிய நிலை உருவானது.

டிராப்பாக்ஸ்: 2013 முதல் சி++ மொழியில் பொது நிரலை எழுதி இரு தளங்களிலும் பகிர்ந்தது. 2019 இல் இம்முறையைக் கைவிட்டது. தேவையான கருவிகளையும் நிரலகங்களையும் தானே உருவாக்கிப் பேண வேண்டியிருந்ததும், இதற்கேற்ற நிரலாளர்கள் கிடைப்பது அரிதாக இருந்ததும் காரணங்களாகக் கூறப்பட்டன.

இம்மூன்று நிகழ்வுகளிலும் இடர் வேறுவேறு இடத்தில் தோன்றியது. முதலாவதில் வரையும் முறையும், இரண்டாவதில் பழைய நிரலுடனான இணைப்பும், மூன்றாவதில் பேணும் செலவும் தடையாயின. எனவே இவற்றைக் கொண்டு பல்தளச் சட்டகங்கள் யாவும் பயனற்றவை என்று முடிவு செய்ய இயலாது. புதிதாகத் தொடங்கும் சிறிய குழுவுக்கு இரண்டாவது தடையே எழுவதில்லை.

பொருத்தமான பயன்பாடுகள்

எல்லாத் தேவைகளுக்கும் ஏற்ற ஒரே சட்டகம் இல்லை. எனினும் பொதுவாகப் பின்வருமாறு வகுக்கலாம்.

* தகவல்களைப் படிக்கத் தருவதே முதன்மை நோக்கமாயின் வலைத்தளமோ, முற்போக்கு வலைச் செயலியோ போதுமானது.
* வலைத்தளம் ஏற்கனவே இருந்து, செயலிக் கடையிலும் இடம்பெற வேண்டுமாயின் கெப்பாசிட்டர் போன்ற உறையிடும் சட்டகம் ஏற்றது. பேசியின் வசதிகளைப் பயன்படுத்தும் கூடுதற் செயற்பாடுகளும் அதில் இருத்தல் வேண்டும்.
* குழுவினர் ஜாவாஸ்கிரிப்டும் ரியாக்டும் அறிந்து, தளத்துக்கு இயைந்த தோற்றத்தை விரும்பினால் ரியாக்ட் நேட்டிவ் பொருந்தும். சி♯ அறிந்தோருக்கு டாட் நெட் மாவி பொருந்தும்.
* எல்லாத் தளங்களிலும் தனக்கே உரிய ஒரே தோற்றமும் மிகுதியான அசைவூட்டங்களும் தேவையாயின் பிளட்டர் ஏற்றது.
* ஆண்ட்ராய்டுச் செயலி ஏற்கனவே கோட்லினில் இருந்து, ஐஓஎஸ் பதிப்பும் தேவையாயின் கோட்லின் மல்ட்டிபிளாட்ஃபார்ம் மறுஎழுத்தைக் குறைக்கும்.
* ஊர்திகளின் திரைகள், மருத்துவக் கருவிகள் போன்ற பதிகணினிகளுக்கும் கணினிகளுக்கும் கியூட் நீண்ட காலமாகப் பயன்பட்டு வருகிறது.
* வன்பொருளை நுட்பமாகக் கையாளும் செயலிகளுக்கும், தளங்களின் புதிய வசதிகளை முதல் நாளிலேயே பயன்படுத்த வேண்டிய செயலிகளுக்கும் தனித்தளச் செயலியே தகுந்தது.

எச்சட்டகத்தைத் தேர்ந்தாலும், செயலியின் தருக்கத்தைத் திரைக்கான நிரலிலிருந்து பிரித்து எழுதுவது நன்மை தரும். சட்டகத்துக்கான ஆதரவு நின்றுபோனால், மீண்டும் எழுத வேண்டிய பகுதி அப்போது பெரிதும் திரையளவில் அடங்கும்.